144-ஐ 60-ஆல் வகுத்துப் பார்க்காததற்கு நான் கொடுத்த விலை

மொரிசியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் வாழும் தமிழாசிரியன் நான். வீட்டில் எங்கள் பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான்; எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வரும். பழைய வீடியோ கேம்களைக் கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய கேம் இயந்திரத்தைப் போலி செய்யும் மென்பொருள், வழியாக ஆடுவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. சென்ற டிசம்பரில் ஆண்டிறுதிப் போனஸ் கைக்கு வந்ததும் ஒரு புது மானிட்டர் வாங்கினேன். அந்த மானிட்டரால் வந்த ஒரு சிறு கோளாற்றின் காரணம் புரியாமல் மார்ச் வரை அல்லாடினேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தேடியபோது கிடைத்தவை ஒன்றுக்கொன்று முரணான அரைகுறைப் பதில்கள். தமிழில் ஒன்றுமே அகப்படவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரு வகுத்தல் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தால் 5,700 ரூபாயும் மூன்று மாத மாலைப் பொழுதுகளும் எனக்கு மிஞ்சியிருக்கும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

புது மானிட்டர் 27 அங்குலம், விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது. அதற்கு முன்பு என்னிடம் இருந்தது அலுவலகமொன்று கழித்துக்கட்டிய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பது. 60 நன்றாக இருந்தால் 144 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்றாக இருக்கும் என்றே நினைத்தேன். விற்றவரும் அப்படித்தான் சொன்னார். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் மவுசின் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து மகிழ்ந்தேன். பிறகு நான் பயன்படுத்தும் எமுலேட்டரான ரெட்ரோஆர்க்கைத் திறந்து, மெகா டிரைவ் என்ற பழைய கேம் இயந்திரத்தின் சோனிக் ஆட்டத்தை ஓடவிட்டேன். பின்னணியில் பனைமரங்கள் நகரும் அந்த முதல் கட்டத்திலேயே மனம் சோர்ந்துவிட்டது. படம் நிற்கவில்லை, கிழியவில்லை, ஆட்டமும் வேகம் குறையவில்லை. ஆனால் நகரும் எல்லாப் பொருளின் விளிம்பிலும் ஒரு நடுக்கம். கல் பாவிய சாலையில் மிதிவண்டி ஓட்டினால் கைப்பிடி அதிருமே, அப்படி விடாத ஒரு அதிர்வு. பழைய மானிட்டரை மறுபடி மாட்டிப் பார்த்தேன். வெண்ணெய் போல ஓடியது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து முன்பிருந்ததைவிட மோசமான ஒன்றை வாங்கியிருக்கிறோம் என்ற எண்ணம் இரவு முழுவதும் உறுத்தியது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் வாங்க வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள்தான்.

முதலில் செய்த தவறு, கணினிக்குச் சக்தி போதவில்லை என்று நானே முடிவுகட்டியது. பெரிய மானிட்டர், அதிக ஹெர்ட்ஸ், ஆகவே பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்ற வரிசையில் யோசனை ஓடியது. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 8,000 ரூபாய்க்கு ஒரு கார்டை வாங்கி மாட்டினேன். அதிர்வு இம்மியும் மாறவில்லை. இங்கே சற்று நின்று யோசித்திருக்க வேண்டும். மெகா டிரைவின் இதயம் விநாடிக்கு ஏறத்தாழ 76 லட்சம் துடிப்பில் ஓடிய மோட்டரோலா 68000 என்ற சிப். அதைப் போலி செய்ய, பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினியே போதும். எமுலேட்டரின் திரை மூலையில் விநாடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், ஓடுகிறது என்று காட்டும் எண்ணை இயக்கிப் பார்த்திருந்தால், பழைய கார்டிலேயே அது 59.9 என்று அசையாமல் நின்றதைக் கண்டிருப்பேன். அந்த எண் அசையாமல் நிற்கும்போதும் படம் நடுங்கினால் குறை கணினியின் சக்தியில் இல்லை; ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்பும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து, ஒரு பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொண்டுபோனேன். அவர் எமுலேட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவி 1,500 ரூபாய் வாங்கினார். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று அதில் நேர்ந்தது. என் அண்ணன் மகள், பன்னிரண்டு வயது, இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக முன்னேறிச் சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் எல்லாம் அந்த வட்டோடு போயின. ரெட்ரோஆர்க்கின் கோப்புறைக்குள் சேவ்ஸ், ஸ்டேட்ஸ் என்று இரண்டு கோப்புறைகள் உண்டு. அவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் எடுக்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளாமல், "பரவாயில்லை சித்தப்பா, மறுபடி ஆடலாம்" என்று சொன்னது கோபித்ததைவிட அதிகமாக வலித்தது.

பிறகு கேபிள். அட்டையில் "8கே" என்று அச்சிட்ட எச்டிஎம்ஐ கேபிள் 1,200 ரூபாய். பலன் ஏதும் இல்லை. பிப்ரவரியில், தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்த பத்து நாளும் கணினியைத் தொடவில்லை. விரதம் முடிந்து மறுபடி ஆடியபோதும் அதே நடுக்கம். என் கண்ணில்தான் குறையோ என்று எண்ணி 1,000 ரூபாய் கொடுத்துக் கண் பரிசோதனையும் செய்துகொண்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கண்ணில் குறையொன்றும் இல்லை.

இடையில் விடையே என் மடியில் வந்து விழுந்து, நான் அதைத் தட்டிவிட்டேன். ஒலி ஒத்திசைவை, அதாவது ஆடியோ சிங்க்கை, நிறுத்திப் பார்க்கும்படி எங்கோ படித்து அப்படியே செய்தேன். சோனிக் பேய் பிடித்தது போல ஓடினான். இசை கீச்சென்று பறந்தது. சிரித்துவிட்டுப் பழையபடி மாற்றினேன். ஆட்டம் எவ்வளவு மடங்கு வேகமாயிற்று என்று கடிகாரத்தை வைத்து அளந்திருந்தால் 2.4 மடங்கு என்று தெரிந்திருக்கும். மானிட்டர் ஒருமுறை புதுப்பிக்கும்போதெல்லாம் எமுலேட்டர் ஒரு பிரேமைத் தள்ள முயல்கிறது, ஒலிதான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்ற உண்மை முழுவதும் அந்த ஒரு எண்ணுக்குள் இருந்தது.

மார்ச் மாதத்தில் புயல் எச்சரிக்கையால் பள்ளிகள் மூடியிருந்த ஒரு நாளில்தான் விஷயம் பிடிபட்டது. வெளியே காற்று, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத நிலை. அண்ணன் மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பாவின் கைப்பேசி விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுஇயக்க வசதி உடையது. நான் ஆட, அவள் திரைக்கு அருகில் கைப்பேசியைப் பிடித்து நான்கு விநாடி படமெடுத்தாள். பிறகு அந்தக் காட்சியை ஒவ்வொரு படமாகத் தள்ளி, ஒரே காட்சி எத்தனை படத்துக்கு மாறாமல் நிற்கிறது என்று எண்ணினோம். அவள் விரலால் தள்ளிக்கொண்டே எண்ணைச் சொல்ல, நான் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மூன்று, மூன்று, ஐந்து, நான்கு, ஐந்து. மறுபடி மூன்று, மூன்று, ஐந்து. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதே சோதனையைச் செய்தால் நான்கு, நான்கு, நான்கு, நான்கு என்று பக்கம் முழுவதும் நான்கே வந்தது. "புதுசு சமமா இல்லையே சித்தப்பா" என்றாள் அவள். கடையில் விற்றவரும் பழுதுபார்ப்பவரும் நானும் மூன்று மாதமாகக் காணாதது அது.

கணக்கு இதுதான். பழைய ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்களைத் தருகிறது. அதாவது ஒரு படத்துக்கு 16.67 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.94 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. ஒவ்வொரு படமும் 2.4 புதுப்பிப்புகளுக்குத் திரையில் நிற்க வேண்டும், ஆனால் புதுப்பிப்பில் பின்னம் கிடையாது. எனவே ஒரு படம் இரண்டு புதுப்பிப்புக்கு நிற்கிறது, இன்னொன்று மூன்றுக்கு நிற்கிறது. இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து படங்கள் பன்னிரண்டு புதுப்பிப்புகளை நிரப்புகின்றன. சில படங்கள் 13.9 மில்லி விநாடி, சில 20.8 மில்லி விநாடி. பாத்திரம் சீராக ஓடினாலும், அது ஓடுவதைக் காட்டும் கால அளவு சீராக இல்லை. கண் அதை நடுக்கமாக உணர்கிறது. கோவிலில் தவில்காரர் இரண்டும் மூன்றுமாக அடுக்கி வாசித்தால் தலை தானாக ஆடும். கண்ணுக்கு அந்த ரசனை இல்லை. அது ஆதி தாளத்தின் முதல் அடியைப் போல எல்லாம் ஒரே இடைவெளியில் விழவேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு தீர்வுக்கு ஒரு நிமிடமே ஆயிற்று. விண்டோஸில் திரை அமைப்புகளுக்குள், மேம்பட்ட திரை அமைப்புகள் என்ற பகுதியில் புதுப்பிப்பு வீதத்தை 144-லிருந்து 120-க்கு மாற்றினேன். 120-ஐ 60-ஆல் வகுத்தால் இரண்டு, மீதியில்லை. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் உள்ளவர்களுக்கு நான்கு, அதுவும் சரி. 165 உள்ளவர்களுக்கு 2.75, அவர்களும் என்னைப் போல 120-க்கு இறங்க வேண்டியதுதான். ரெட்ரோஆர்க்கில் வி-சிங்க் ஸ்வாப் இன்டர்வல் என்ற அமைப்பை 2 என்று வைத்தேன். ஒவ்வொரு படத்தையும் இரண்டு புதுப்பிப்புக்குப் பிடித்துவை என்பது அதன் பொருள். த்ரெடட் வீடியோ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன், ஏனென்றால் அது படத்தைத் தனி இழையில் அனுப்பி ஒத்திசைவைத் தளர்த்திவிடும். முழுத்திரையில் ஆடினேன். பனைமரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. அண்ணன் மகள் கைதட்டினாள். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் ஒரு சிறு உறுத்தல் பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு சொல். சீராக ஓடிக்கொண்டிருக்கும் படம் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கினால் அது வேறு நோய். பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் துல்லியமாக 60-இல் ஓடவில்லை. அமெரிக்க, ஜப்பானிய மெகா டிரைவ் 59.92, சூப்பர் நின்டெண்டோ 60.10, கேம் பாய் 59.73. திரை இரண்டிரண்டாகப் புதுப்பித்து 60-இல் போக, ஆட்டம் 59.92-இல் போனால், வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பன்னிரண்டரை விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் இரட்டிக்கும். ரெட்ரோஆர்க் இதற்கென்றே ஆட்டத்தைத் திரையின் வேகத்தோடு ஒட்டி ஓடச்செய்து, ஒலியை அரை சதவீதத்துக்கும் குறைவான அளவில் நீட்டிச் சுருக்கிச் சரிக்கட்டுகிறது. காதுக்கு அது தெரிவதில்லை. இந்த வசதி வேலை செய்ய, மானிட்டரின் உண்மையான புதுப்பிப்பு வீதத்தை எமுலேட்டர் அறிந்திருக்க வேண்டும். 120 என்று பெயரிருந்தாலும் என் திரை உண்மையில் அதற்குச் சற்றுக் குறைவாகவே ஓடியது. ரெட்ரோஆர்க்கே அளந்து சொல்லும் மதிப்பீட்டை, அது சில நிமிடம் ஓடி நிலைப்பட்ட பின் ஏற்றுக்கொண்டால் போதும்.

இத்தோடு கதை முடிந்திருக்கும், நான் ஐரோப்பியப் பதிப்பை ஆடாமல் இருந்திருந்தால். எங்கள் தீவில் மின்சாரமும் தொலைக்காட்சியும் 50 ஹெர்ட்ஸ். சிறுவயதில் என் மாமா ரீயூனியனிலிருந்து வாங்கி வந்த மெகா டிரைவும் பிரான்சில் விற்கப்பட்ட 50 ஹெர்ட்ஸ் வகைதான். துல்லியமாகச் சொன்னால் 49.70. 1991-இல் வந்த முதல் சோனிக்கின் ஐரோப்பியப் பதிப்பை அந்த வேகத்துக்கு ஏற்பத் திருத்தவில்லை என்பதால், ஆட்டமும் இசையும் அமெரிக்காவில் இருந்ததைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. நாங்கள் வளர்ந்தது அந்த மந்தமான இசையோடு. அமெரிக்கப் பதிப்பை முதன்முதலில் கேட்டபோது யாரோ அவசரப்படுத்துவது போலிருந்தது. எனவே சரியானது எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ் பதிப்புதான். அதை 120-இல் ஓடவிட்டதும் பழைய நடுக்கம் அச்சு அசலாகத் திரும்பி வந்தது. 120-ஐ 50-ஆல் வகுத்தால் என்ன வருகிறது என்று பாருங்கள்: 2.4. அதே இரண்டு, இரண்டு, மூன்று. இந்த முறை குறிப்பேட்டை எடுக்கவே தேவையில்லை. 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாயிற்று. நம் பக்கத்து நாடுகளில், 50 ஹெர்ட்ஸ் பதிப்புகளோடு வளர்ந்த எவரும், மானிட்டர் வாங்கும்போது அதன் பட்டியலில் 100-உம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆட்டத்துக்கு ஆட்டம் விண்டோஸைத் திறந்து வீதத்தை மாற்றுவது விரைவில் சலித்துவிட்டது. அதோடு, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்கள் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை: நியோ ஜியோ 59.19, மார்ட்டல் காம்பட் 54.71. இவற்றுக்கு உண்மையான மருந்து மாறும் புதுப்பிப்பு வீதம், அதாவது ஃபிரீசிங்க், ஜி-சிங்க் என்ற பெயர்களில் வருவது. அதில் படத்தைத் திரைக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவதில்லை. படம் வரும்வரை திரை காத்திருந்து, வந்ததும் புதுப்பிக்கிறது. என் மானிட்டரில் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. மானிட்டருக்கு அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே "ஆஃப்" என்று இருந்தது. அதை "ஆன்" ஆக்கியும் கணினி அறியவில்லை. காரணம், என் கணினியில் இருந்தது என்விடியா கார்டு. 2019 ஜனவரியில் அந்நிறுவனம் பத்தாம் வரிசைக் கார்டுகளுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் இத்தகைய மானிட்டர்களைத் திறந்துவிட்டபோது, அது டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பு வழியாக மட்டுமே. நானோ எச்டிஎம்ஐயில், அதுவும் 1,200 ரூபாய்க் கேபிளில், செருகி வைத்திருந்தேன். 650 ரூபாய்க்கு ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கினேன். இந்தக் கதையில் வீணாகாத செலவு அது ஒன்றுதான்.

பிறகு வீதத்தை மறுபடி 144-க்கே ஏற்றி, ஸ்வாப் இன்டர்வலை 1-க்குத் திருப்பி, ரெட்ரோஆர்க்கில் "சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் பிரேம்ரேட்" என்ற அமைப்பை இயக்கினேன். மானிட்டரின் சொந்தப் பட்டியலில் தற்போதைய வீதத்தைக் காட்டும் எண்ணைத் திறந்துவைத்தால் உண்மை தெரிந்துவிடும்: 144 என்றே நின்றால் வசதி வேலை செய்யவில்லை, ஆட்டத்தின் எண்ணுக்கு அருகில் வந்து நின்றால் வேலை செய்கிறது. வாங்கும் முன் மானிட்டரின் மாறும் வரம்பையும் பாருங்கள். என்னுடையது 48 முதல் 144 வரை, 49.70 அதற்குள் மயிரிழையில் அடங்குகிறது. இதிலும் ஒரு குறை உண்டு. என் திரை விஏ எனப்படும் எல்சிடி வகை என்பதால், இருண்ட குகைக் காட்சிகளில் வெளிச்சம் லேசாக மினுக்குகிறது. அதற்கு நான் இன்னும் விடை காணவில்லை. குகைக் கட்டங்களை மட்டும் 120-இல், மாறும் வீதத்தை நிறுத்திவிட்டு ஆடுகிறேன்.

எல்லா நடுக்கமும் இந்த வகுத்தலில் அடங்கிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64 காலத்து முப்பரிமாண ஆட்டங்களில் பல விநாடிக்கு 30 படமோ அதற்கும் குறைவாகவோதான் ஓடின. அவை அன்றும் அப்படித்தான் இருந்தன, எந்த அமைப்பும் அவற்றை மாற்றாது. அதனால் சோதிக்கும்போது பக்கவாட்டில் நகரும் இருபரிமாண ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இயந்திரங்களின் எமுலேட்டர்களில் ஒரு காட்சி முதன்முறை வரும்போது மட்டும் சிக்கி, அடுத்த முறை சீராக ஓடினால், அது ஷேடர் என்னும், படத்தை வரையும் சிறு நிரல் தொகுக்கப்படும் நேரம். அதற்கும் மானிட்டருக்கும் தொடர்பில்லை.

ஏப்ரலில், சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த வாரம், தேவையில்லாமல் வாங்கிய கிராபிக்ஸ் கார்டை 6,000 ரூபாய்க்கு விற்க அறிவித்தேன். கியூர்பிப்பிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். எதற்கு வாங்குகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். புதிதாக 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருக்கிறாராம். புது ஆட்டங்கள் நன்றாகவே ஓடுகின்றன, பழைய ஆட்டங்கள் மட்டும் ஏனோ நடுங்குகின்றன, கார்டு பழையது போலிருக்கிறது என்றார். விற்பனை கெட்டாலும் பரவாயில்லை என்று அவரை உட்காரவைத்து, 165-ஐ 60-ஆல் வகுத்துக் காட்டி, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, வீட்டுக்குப் போய் 120-இல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் வாருங்கள்" என்றேன். குறை இருக்கும் கார்டை மனமில்லாமல் விற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை கார்டைப் பார்த்தார். பிறகு பர்சைத் திறந்து, தமிழ் எண்களும் அச்சிட்ட எங்கள் ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஆறை மேசைமேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டு, கார்டை எடுத்துக்கொண்டு போனார்.